தம்பியைப் பற்றி அக்கா வகுப்பில் சொன்னது

எங்கள் அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களுக்கு, அவர் வாழ்வைக் குறைக்காமலும் கூட்டாமலும் சொல்ல விரும்புகிறேன்.

அக்கா சாவகச்சேரியில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவள் நான், கடைசிப் பிள்ளை தம்பி. சரித்திர ஆசிரியையாக இருந்தவர் அத்தானை மணந்து லண்டன் வந்தார். ஊர்ப் பட்டம் இங்கே செல்லாததால் மறுபடியும் படித்தார். சவுத்தாலில் பள்ளி ஆசிரியையாக இருந்து, பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் விரிவுரையாளரானார். நாஜிகள் யூத மக்களைக் கொன்றொழித்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதே அவருடைய பாடம். உயிர் தப்பியவர்களை அழைத்து வந்து மாணவ ஆசிரியர்கள் முன் பேசவைப்பார்.

“ஊரில எங்கட சனம் சாகுது. நீ ஏன் மற்றவையின்ர துக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்?” என்று உறவினர் ஒருவர் கேட்டார்.

“கேக்கப் பழகாட்டி எங்கட கதையையும் ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றார் அக்கா.

எண்பதுகளின் நடுவில் தம்பி அகதியாக வந்து சேர்ந்தான். இராணுவ முகாமில் அடைபட்டு வதைபட்டவன். அவனுடைய புகலிட விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தைத் தம் டூட்டிங் வீட்டுச் சமையலறையில் அக்காதான் எழுதினார்.

“அக்கா, முகாமில நடந்ததுக்கு எனக்குத் திகதி தெரியாது. கண்ணைக் கட்டியெல்லோ வைச்சிருந்தவங்கள்.”

“திகதி இல்லாட்டி நம்பமாட்டினம். மாசியெண்டு போடுவம்.”

விசாரணையில் அவன் கார்த்திகை என்று சொல்லிவிட்டான். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று. நம்பத்தகாதவன் என்று நிராகரித்தார்கள். மேன்முறையீடும் தோற்றது. திருப்பி அனுப்பப்பட்ட சில மாதங்களில் கொழும்பு விடுதியொன்றில் படையினர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

செய்தி வந்த அன்று நான் அக்காவிடம், “நீ எழுதின கடுதாசிதான் அவனைச் சாகடிச்சது” என்றேன். அதன்பின் எங்கள் வீடுகளில் தம்பியின் பேச்சே எழவில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் அருகருகே நின்று கும்பிட்டோம். யாருக்காகக் கும்பிடுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி வாரம்வரை மருத்துவமனைக் கட்டிலிலும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினார். வலி கூடியபோதும் தம்பியைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் இருந்தார். அக்காவின் பழைய மாணவி; இப்போது பள்ளி ஆசிரியை. அவர் எங்களிடம் ஒன்றைச் சொன்னார். ஒருநாள் அக்காவின் வகுப்பில் போலந்தில் பிறந்த முதிய அம்மையார் ஒருவர், நாஜி முகாம் வாசலில் தம் தங்கையைப் பிரிந்ததைச் சொன்னாராம். இந்த மாணவி எழுந்து, “முன்பு பதிந்த ஒலிநாடாவில் வேறு மாதம் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?” என்று கேட்டிருக்கிறார்.

அக்கா எழுந்து வந்து அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.

“ரயில் எப்போது வந்தது, யார் யார் இறக்கப்பட்டார்கள் என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. தேடிச் சரிபாருங்கள், அது உங்கள் வேலை. தங்கையின் கை நழுவியதை இவரிடம்தான் கேட்க வேண்டும். என் தம்பிக்கும் திகதி தெரியாது. தெரியாது என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. நானாக ஒன்றை எழுதினேன். அவன் போய்விட்டான்.”

அந்த அம்மையார்தான் கேட்டாராம்: “உங்கள் தம்பி எப்படிப்பட்டவன்?”

அக்கா அரை மணி நேரம் பேசினாராம். அவன் இரு கைகளையும் விட்டுச் சைக்கிள் ஓட்டி வேலிக்குள் விழுந்ததை, மாம்பழத்தைத் தோலோடு தின்பதை, சுருதி சேராமல் தேவாரம் பாடுவதை. சொல்லச் சொல்லச் சிரித்தாராம், பிறகு அழுதாராம்.

அதைக் கேட்டதும் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். தம்பியைப் பற்றி அக்கா சிரித்துப் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த அம்மையாருக்கும் நன்றி. நான் கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்டார்.

— தங்கை