அக்காவும் அடங்கிய படம்

மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, குடும்பப் படத்திலிருந்து அக்காவை விலகி நிற்கச் சொன்னேன். நாகல் நகரிலுள்ள எங்கள் வீட்டுக் கூடம் குறுகல். சுவரில் முதுகை ஒட்டி நின்றும் என் சிறிய சென்சார் டிஜிட்டல் கேமராவில் எல்லோரும் அடங்கவில்லை. கணவரை இழந்தவள் என்பதால் ஒதுக்கினேன் என்று எண்ணி, அக்கா வருவதையே நிறுத்தினாள். அவள் எண்ணியதில் பொய்யில்லை.

பின்பு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா தேர்ந்தெடுக்கப் போனேன். அதில் என் பழைய லென்ஸையே மாட்டி, கடைச் சுவரில் முதுகை ஒட்டிப் பார்த்தேன். இரு ஓரமும் கூடுதலாகத் தெரிந்தன. வேறெதுவும் கேட்காமல் வாங்கினேன்.

அக்கா வீடு இருக்கும் சாணார்பட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவளை அழைத்து வந்து அதே கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"ஏலே, இப்பவாச்சும் உன் பெட்டிக்குள்ள அடங்குவேனா?"

"இன்னும் நாலு பேருக்கு இடமிருக்குக்கா."

அவள் சிரித்தபோது எடுத்தேன். ஒருவர் தோள்கூட வெட்டுப்படவில்லை. அன்று மதியம் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டாள்.