அருவிக்கு எழுதிய கிரயப் பத்திரம்

கல்யாணசுந்தரி முப்பத்தொரு வருஷம் தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சராக வேலை பார்த்தார். வீடு, வயல், தென்னந்தோப்பு, பங்காளிச் சண்டையில் பாதியான கிணறு என்று அவர் விரல் வழியாகக் கைமாறாத சொத்து அந்த வட்டாரத்தில் குறைவு. அவர் பேரில் மட்டும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவருக்கென்று இருந்தது ஒரு வலைப்பூ. பெயர் 'ஈரத்துண்டு'.

2009இல் அதைத் தொடங்கினார். வீட்டில் கணினி வைத்திருந்தவர்களெல்லாம் வலைப்பூ எழுதிய காலம் அது. பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், அங்கிருந்து யூடியூபுக்குப் போனார்கள். கல்யாணசுந்தரி மட்டும் காலி செய்யவில்லை. வாசகர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர், அலுவலகக் கணினியிலிருந்து தினமும் ஒருமுறை திறந்து பார்க்கும் கல்யாணசுந்தரியே. அவர் பணி ஓய்வு பெற்றதும் அந்த எண்ணிக்கை பத்தாகக் குறைந்தது.

எதை எழுதினாலும் நான்கு எல்லை சொல்லித்தான் அவருக்கு எழுத வரும். தோசையைப் பற்றி ஒருமுறை எழுதினார்: 'வடக்கே தேங்காய்ச் சட்னி, தெற்கே சாம்பார், கிழக்கே தண்ணீர்ச் செம்பு, மேற்கே என் கணவர் நமசிவாயம்.' அந்தப் பதிவை நமசிவாயம் படிக்கவில்லை. அவர் எந்தப் பதிவையும் படித்ததில்லை. மனைவி கணினியில் ஏதோ வரவு செலவு பார்ப்பதாகவே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆனி மாதம் ஐந்தருவிக்குப் போயிருந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஈரோட்டு வேன் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரை கல்யாணசுந்தரி பார்த்தார். கால்கள் இரண்டும் சூம்பிப்போனவர். மடியில் குடும்பத்தாருடைய செல்போன்கள், காலடியில் அவர்களுடைய செருப்புகள். எல்லாவற்றுக்கும் காவல் அவர்தான். கல்யாணசுந்தரி பேச்சுக் கொடுத்தார்.

"நாலு வருசமா வர்றேனுங்க," என்றார் அவர். "அருவிச் சத்தம் மட்டும் நல்லாக் கேக்குமுங்க."

அன்று மாலையே அதைப் பற்றி எழுதினார். இரண்டு பின்னூட்டங்கள் வந்தன. ஒன்று, குறைந்த வட்டியில் கடன் தருவதாகச் சொன்னது. மற்றொன்று ஷார்ஜாவிலிருந்து முஃபீத் எழுதியது. கடையநல்லூர்க்காரர், பன்னிரண்டு வருஷமாக 'ஈரத்துண்டு' படிப்பவர். அங்கே கடற்கரையில் தண்ணீருக்குள்ளேயே இறங்கும் சக்கர நாற்காலி உண்டு, துருப்பிடிக்காது, குற்றாலத்துக்கு நாலு வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தார். வெளிநாடுகளில் நற்காரியத்துக்குப் பணம் திரட்ட மணிக்கணக்காக விடாமல் வலைப்பூ எழுதுவார்கள் என்றும், அக்கா அப்படி உட்கார்ந்தால் தன் அறை நண்பர்களோடு சேர்ந்து இரண்டு நாற்காலிக்குப் பொறுப்பேற்பதாகவும் சொன்னார். மற்ற இரண்டை ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

விதி எளிமையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரருவி பக்கத்தில் காலை ஆறு மணிக்கு உட்கார வேண்டும். அரை மணிக்கு ஒரு பதிவு. மாலை ஆறுக்குள் இருபத்து நான்கு. ஒன்று தவறினாலும், போட்டதில் ஒன்றை அழித்தாலும் பணம் கிடையாது. கடைசி நிபந்தனையை முஃபீதின் நண்பர்களில் ஒரு கணக்காளர் சேர்த்தார்.

ஊரைத் திரட்ட கல்யாணசுந்தரி விஜயசங்கரிடம் போனார். அவர் மரச்சாமான் கடை முதலாளி, 'சாரல் சேவைச் சங்கம்' என்ற அமைப்பின் தலைவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எந்தக் கேமரா வாங்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார். கேமரா இல்லை, இது வெறும் எழுத்து என்று கல்யாணசுந்தரி சொன்னதும் துக்க வீட்டில் உட்கார்ந்தவர்போல ஆகிவிட்டார். பிறகு, எழுத்தாக இருந்தாலும் ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்று தேறினார்.

ஃப்ளெக்ஸ் வாசகத்தை அவர் போனில் சொன்னார். '12 மணி நேர பிளாக் சவால்' என்பதுதான் அவர் சொன்னது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பல வருஷம் தொழிலில் இருப்பவர். 'சவால்' என்று யாரும் ஃப்ளெக்ஸ் அடித்து அவர் பார்த்ததில்லை. ஆகவே '12 மணி நேரத் தொடர் பிளாக் போராட்டம்' என்று தாமே திருத்தி அடித்துக் கொடுத்துவிட்டார். ஃப்ளெக்ஸில் விஜயசங்கர் ஆளுயரத்தில் கைகூப்பி நின்றார். பின்னணியில் அருவி இருந்தது, அது நயாகரா. கல்யாணசுந்தரியின் பெயர் கீழே, அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கே, அருவிக்கரையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு உதவி ஆய்வாளர் சுந்தரபாண்டியன் வந்துவிட்டார். கல்யாணசுந்தரி பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரச் சார்ப்புக்கடியில், மடிக்கணினியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டு மூன்றாவது பதிவில் இருந்தார்.

"எந்த ரோட்ட பிளாக் பண்ணப் போறீங்கம்மா?"

"ரோடெல்லாம் இல்ல சார். இங்கன உக்காந்து எழுதப் போறேன்."

"எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான்."

இதேபோல ஒருத்தர்தான் என்று சொல்லிவிட்டு மூன்று வேனில் ஆள் இறக்கியவர்களை சுந்தரபாண்டியன் பார்த்திருக்கிறார். வேல்விழி என்ற பெண் காவலரை அங்கேயே நிறுத்தி, மணிக்கொரு தடவை கூட்ட நிலவரம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். வேல்விழி கடமையில் குறை வைக்கவில்லை. எட்டு மணிக்கு, "ஒரு ஆளு சார். எழுதுதாங்க," என்று சொன்னார். ஒன்பது மணிக்கும் அதையே சொன்னார். பத்து மணிக்கு, "எழுதுதாங்க சார். இப்ப டீ குடிக்காங்க," என்று கூடுதல் தகவல் தந்தார்.

பத்தரைக்கு விஜயசங்கர் ஐந்து நிர்வாகிகளுடன் வந்து, கல்யாணசுந்தரிக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். படம் எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் போயிற்று. வலைப்பூவின் முகவரியை அதில் போட மறந்துவிட்டார்கள்.

குளிக்க வந்தவர்கள் சிலர் கணினிக்கு முன்னால் தலையைக் கோதிக்கொண்டு நின்று, யூடியூபில் எப்போது வரும் என்று கேட்டார்கள். வீடியோ இல்லை, எழுத்துதான் என்றதும் ஒரு மதுரைக்காரர், "அப்ப சும்மாவா நின்னோம்?" என்று வருத்தப்பட்டார். கல்யாணசுந்தரிக்கும் வருத்தம் இருந்தது. சாரல், டீக்கடை, குரங்கு, மங்குஸ்தான் விலை, மறுபடி குரங்கு என்று பதினோரு மணிக்குள் விஷயமெல்லாம் தீர்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம், என்ன எழுதுவது என்று யோசிப்பதிலேயே போனது. பன்னிரண்டாவது பதிவை வேல்விழியின் தொப்பியைப் பற்றி எழுதினார். வேல்விழி அதைத் தன் போனில் படித்துவிட்டு, நடையை மாற்றிக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

மதியம் நமசிவாயம் எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் கொண்டுவந்தார். எழுதுவது வரவு செலவு அல்ல என்று அப்போதுதான் ஃப்ளெக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். எதற்காகப் போராட்டம் என்று வேல்விழியிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

சாப்பிட்டதும் தூக்கம் சுழற்றியது. இரண்டரை மணிப் பதிவுக்கு ஆறு நிமிடம் இருந்தது. மண்டைக்குள் ஒன்றுமில்லை. அப்போது முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே எழுதத் தொடங்கின.

'மேற்கு மலையில் வசிக்கும் மேகம் ஆகிய நான், தென்காசி வட்டம் குற்றாலத்தில் குளிக்க வரும் பொதுமக்களாகிய தங்களுக்கு எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம். எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவரும் பேரருவியை இன்று தங்களுக்குக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறேன். சொத்து விவரம்: பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழிக்குக் கிழக்கு, எண்ணெய்க் கடைகளுக்கு மேற்கு, பெண்கள் வரிசைக்கு வடக்கு, ஆண்கள் வரிசை என்று சொல்லப்படும் தள்ளுமுள்ளுக்குத் தெற்கு. இதற்குள்பட்ட தண்ணீரும், அதன் கீழ் நிற்கும் பாத்தியதையும் சேர்த்து. வில்லங்கம்: குரங்குகள். மேற்படி சொத்தை நடக்க முடிந்தவர்கள் மட்டுமே அனுபவித்து வருவதால், நடக்க முடியாதவர்களின் பங்கு இன்றுவரை பிரிபடாமல் கிடக்கிறது.'

திரும்பப் படிக்க நேரமில்லை. இரண்டு இருபத்தெட்டுக்கு ஏற்றினார். பதினேழாவது பதிவு.

முஃபீத் அதைத் தன் நண்பர்களுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவருடைய மாமா நாகர்கோவிலில் பத்திர எழுத்தர். அவர் பத்திர எழுத்தர்களின் குழுவில் போட்டார். ஒரு நாளைக்குப் பத்து பேரைப் பார்த்து வந்த 'ஈரத்துண்டு', மூன்றரை மணிக்குள் ஒன்பதாயிரம் பேரைப் பார்த்தது. வலைப்பூவில் போட்டிருந்த கணக்குக்குப் பணமும் வந்தது. பலர் பணத்தோடு, 'என் பங்கு' என்று எழுதி அனுப்பினார்கள்.

எல்லோரும் கடைசி வரி வரை படிப்பவர்களாக இருந்துவிட்டால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் நடுவில் இருந்த 'பேரருவியை இன்று தங்களுக்குக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறேன்' என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து, 'குற்றால அருவி விற்கப்பட்டது, பத்திரம் வெளியானது, அதிகம் பகிரவும்' என்று பரப்பிவிட்டார். நாலு மணிக்குத் தென்காசியிலிருந்து கொடிகளோடு நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். எங்கே உட்காருவது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. 'போராட்டம்' என்று பெரிதாக எழுதிய ஃப்ளெக்ஸ் காலையிலிருந்தே தயாராக இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். வேல்விழி போன் செய்து, "சார், நாப்பத்தோரு ஆளு," என்றார்.

விஜயசங்கர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். காலையில் போர்த்திய பொன்னாடையைக் கொஞ்சம் கொடுங்கள் அக்கா என்று கல்யாணசுந்தரியிடம் வாங்கி, ஃப்ளெக்ஸில் இருந்த தன் முகத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

சுந்தரபாண்டியன் நேராக கல்யாணசுந்தரியிடம் வந்தார். முகத்தில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது.

"அந்தப் பதிவ இப்பவே அழிச்சிருங்கம்மா."

"அழிச்சா நாற்காலி வராது சார்."

"அழிக்கலைன்னா ஆளு வந்துக்கிட்டே இருப்பான். நான் என்ன செய்ய?"

பத்து மணி நேரம் விறைத்த விரல்களோடு உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரி, அழித்துவிடலாம் என்றே பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அப்போது வேல்விழிதான் வாயைத் திறந்தார்.

"சார், எங்க அப்பா நிலத்துக்கு சர்வே நம்பரு தப்பா விழுந்துட்டு. அதுக்குப் பத்திரத்தையா அழிச்சாங்க? பிழைத்திருத்தல்தான் எழுதுனாங்க."

சுந்தரபாண்டியன் யோசித்தார். அவருக்கும் ஊரில் நிலம் இருந்தது. அதிலும் ஒரு நம்பர் தப்பாக இருந்து, அவர் நடையாய் நடந்து திருத்தியிருந்தார். சரி, அஞ்சு மணிக்குள் போடுங்கள் என்றார்.

கல்யாணசுந்தரியின் விரல்களுக்கு உயிர் வந்தது. ஆயிரம் பிழைத்திருத்தல் பத்திரம் அடித்த கை அது. சுந்தரபாண்டியன் தோளுக்கு மேலாக நின்று படித்தார். அருவி அரசுக்குச் சொந்தம் என்று தெளிவாகப் போடச் சொன்னார். மேகம் என்பவர் கற்பனை என்று போடச் சொன்னார். பிறகு தயங்கி, "எல்லையும் தப்பா இருக்கும்மா. பொம்பளைங்க வரிசை தெக்க இல்ல, வடக்க," என்றார். அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அரசுத் தரப்பே ஏற்கப்பட்டது.

ஐந்து மணிக்கு, இருபத்திரண்டாவது பதிவாக அது ஏறியது. சுந்தரபாண்டியன் அதை ஒலிபெருக்கியில் முழுவதும் வாசித்தார். தண்ணீருக்கடியில் நின்றவர்கள், ஏதோ வெள்ள எச்சரிக்கை என்று நினைத்துப் பாதிப்பேர் ஓடி வெளியே வந்தார்கள். போராட்டக்காரர்கள் கேட்டு முடித்து, அருவி மீட்கப்பட்டதாக அறிவித்து, வெற்றிக் கோஷம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

கடைசிப் பதிவு ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஏறியது. ஒரே வரி: 'விரல் வலிக்கிறது.' அதற்கு மட்டும் நானூறு பின்னூட்டங்கள்.

நாலு நாற்காலிக்குத் திட்டமிட்டது ஆறாக முடிந்தது. புரட்டாசியில் அவை வந்து விஜயசங்கரின் கடையில் இறங்கின. தொடக்கி வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வேண்டும் என்றார் விஜயசங்கர். ஒருவருக்கு நாள் சரியில்லை, ஒருவருக்குக் கட்சி சரியில்லை. ஐப்பசியும் பிறந்துவிட்டது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கட்டில்களுக்கும் பீரோக்களுக்கும் நடுவில் ஆறு நாற்காலிகளும் நின்றன. வாடிக்கையாளர் ஒருவர் விலைகூடக் கேட்டுவிட்டார். கல்யாணசுந்தரி மூன்று முறை போய்க் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் காப்பி கிடைத்தது.

நாலாம் முறை வேல்விழியைக் கூட்டிப் போனார். சீருடையில்.

"எதும் கம்ப்ளெய்ன்டாம்மா?" என்று விஜயசங்கர் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. சும்மா சேரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்," என்று சொல்லிவிட்டு வேல்விழி அங்கேயே நின்றார். கால் மணி நேரத்தில் நாற்காலிகள் மினி லாரியில் ஏறின.

முதலில் உட்கார்ந்தவர் ஏசுதாசன், அச்சன்புதூர்க் கொத்தனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். ஐப்பசி மழையில் அருவி அளவாக விழுந்துகொண்டிருந்தது. வேல்விழி விசிலடித்து வழி விலக்க, சங்கத்து ஆட்கள் தள்ளிக்கொண்டு போய் அவரை நேராகத் தண்ணீருக்கடியில் நிறுத்தினார்கள். படம் எடுத்தாயிற்று. போதும், வெளியே கொண்டுவரலாம் என்றார் விஜயசங்கர். ஏசுதாசன் சக்கரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பக்கத்துத் தண்ணீருக்கு நகர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தார். சோப்பு, ஷாம்பு கூடாது என்ற பலகை அவர் தலைக்கு நேரே இருந்தது. வேல்விழி அதைப் பார்த்தார், பாக்கெட்டையும் பார்த்தார். பிறகு எதிர்ப் பக்கம் திரும்பி, யாருமே இல்லாத ஒரு படிக்கட்டைப் பார்த்து விசிலடிக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும், வலைப்பூவில் எழுதுவதற்காக, எப்படி இருந்தது என்று கல்யாணசுந்தரி கேட்டார்.

ஏசுதாசன் காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தண்ணி கொஞ்சம் கம்மிதான்," என்றார். "மழ கூடுனதும் சொல்லிவிடுங்க, வாரேன்."