பலெர்மோவில் தொலைந்த செருப்பு

கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சோடி தோல் செருப்பு கிடக்கிறது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், அக்கா வாங்கித் தந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அதைப் போடுவேன். ஏனென்று சொல்வதற்கு அந்த நகரத்தில் நடந்து திரிந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

அக்கா சண்டைக்காலத்தில் கலியாணம் கட்டி அங்கே போனவள். அத்தான் காலமான பிறகு தனித்துப் போனாள். அவளை ஊருக்குக் கூட்டிவருவது என்று நானே முடிவெடுத்து, ஓர் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலும் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். யோசனை கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. அக்கா மறுக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் என்னோடை நட. பிறகும் நீ வா எண்டால் வாறன்," என்றாள். காரியம் முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

விடியச் சந்தையில் தொடங்கினோம். வாள்மீனின் தலையை ஐஸில் நட்டு வைத்திருந்தார்கள். மீன் தின்று வளர்ந்த எனக்கே வாயடைத்துப் போனது. சந்துகளில் உடுப்புக் கொடிகளுக்குக் கீழே நடந்து பேராலயத்துக்கு வந்தோம். வாசல் தூணில் குர்ஆன் வசனம் வெட்டியிருந்தது. ஒரு காலத்தில் பள்ளிவாசலாக இருந்த இடமாம். அடுத்து வந்தவர்கள் அந்தத் தூணை உடைக்காமல் தங்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோட்டையையும் இடிபாட்டையும் பார்த்து வளர்ந்த நான் அதைத் தொட்டுப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். கோயிலென்றால் கால் தானாகக் கழற்றிவிடும். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். குப்பையென்று நினைத்துக் கூட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அக்கா படியில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "வந்த புதிசிலை நானும் உப்பிடித்தான் ஒரு சோடியைத் துலைச்சனான்." புதிது வாங்கலாம் என்றாள். எனக்கு வீம்பு. வெறுங்காலோடு வருகிறேன் என்றேன்.

நகரத்துக்கு மேலே நிற்கும் மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. கல்பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறியது. பாதி வழியில் காலில் கொப்புளம். திரும்பிப் பார்த்தேன். துறைமுகம், கப்பல்கள், கோபுரங்கள் எல்லாம் காலடியில் கிடந்தன. மூச்சு வாங்கியது ஏற்றத்தாலா, காட்சியாலா என்று சொல்லத் தெரியவில்லை. இதைக் காட்டித்தான் என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொன்னாடை போர்த்திய சிலை கண்ணாடிக்குள் படுத்திருந்தது. திருநீறு பூசிய எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி அதன் முன்னால் கைகூப்பி நின்றாள். மெழுகுதிரி விற்கிற கிழவர் என் காலைப் பார்த்தார், அக்காவிடம் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"என்னவாம், அக்கா?"

"உவர்தானோ அந்தத் தம்பி எண்டு கேக்கிறார்."

நாங்கள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் கிடந்த மாதங்களில் அக்காவுக்கு ஒரு கடிதமும் போய்ச் சேரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமல், ஞாயிறு தவறாமல் வெறுங்காலோடு இந்த மலை ஏறியிருக்கிறாள். அப்போது பாஷையும் தெரியாது. என் படத்தைக் காட்டித்தான் அந்த மனிதரிடம் அழுதிருக்கிறாள்.

"நீ உயிரோடை இருந்தால், என்ரை கால் ஏலாமல் போகுமட்டும் ஏறுவன் எண்டு நேர்ந்தனான். இண்டைக்கும் ஏறுறன்."

இத்தனை வருடத்தில் இதை ஒரு சொல் சொன்னவள் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கீழே இறங்கியதும் கேட்டாள். "இப்ப சொல்லு. வரட்டோ?"

"செருப்பொண்டு வாங்கித் தா, அக்கா," என்றேன்.

வெள்ளையடித்த அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. ஞாயிறுகளில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போகிறேன். சந்நிதிக் கோயில் வாசலில் அதைக் கழற்றி விட்டு உள்ளே போய், முருகனிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: அக்காவின் முழங்கால் அந்த மலைக்குத் தாங்க வேண்டும். திரும்பி வரும்போது செருப்பு விட்ட இடத்திலேயே கிடக்கிறது.