பலகையில் தொங்கிய வில்லை

ஆலையில் அவளை எல்லாரும் வாசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள். அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும்போது தொட்டி வாயில் நிற்பது அவள் வேலை. சும்மா நிற்பதல்ல. உள்ளே இருப்பவனின் இடுப்புக் கயிறு அவள் கையில் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவள் ஒரு இழுப்பு இழுத்தால், அவன் இரண்டு இழுப்பு பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அபாய மணியை அழுத்திவிட்டு, தொட்டி வாய்க்கு மேல் நிற்கும் மூன்றுகால் சட்டத்தில் மாட்டிய விஞ்ச் என்ற கயிற்று உருளையைச் சுற்றி ஆளை மேலே தூக்க வேண்டும். ஆனால் வானமே இடிந்து விழுந்தாலும் அவள் உள்ளே இறங்கக் கூடாது. அந்த வேலைக்குச் சட்டம் என்று இருப்பது மொத்தத்தில் அந்த ஒரு வரிதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தொட்டி வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும், வாயில் நிற்பவருக்கும்கூட, எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்திருந்தார்கள். இறங்குகிறவன் தொட்டி வாயோரம் இருக்கும் பலகையில் தன் வில்லையை மாட்டிவிட்டு இறங்குவான். வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுத்துக்கொள்வான். அடுத்தவர் வில்லையை யாரும் தொட மாட்டார்கள். பலகையைப் பார்த்தால் போதும், உள்ளே எத்தனை உயிர் என்று தெரிந்துவிடும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே ஆலையில், இதே வேலையில் நின்றவன் அவளுடைய அண்ணன். ஒரு நாள் உள்ளே இறங்கிய கூட்டாளி மயங்கி விழ, அண்ணன் பின்னாலேயே இறங்கினான். இரண்டு பேரும் உயிரோடு வரவில்லை. அவள் ஓடி வந்து பார்த்தபோது பலகையில் இரண்டு வில்லைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஆறாமல் போனது அதுதான். வில்லையை மாட்ட நிதானம் இருந்தவனுக்கு மணியை அழுத்த நிதானம் இல்லையா? யாரும் தொடக் கூடாத அந்தப் பத்தொன்பதாம் எண் வில்லையை அவளே கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாள். அடுத்த மாதமே அவன் வேலையைக் கேட்டு வாங்கினாள். நீ செய்யாததை நான் செய்து காட்டுகிறேன் பார் என்கிற வீம்பு. செத்துப்போனவனிடம் இத்தனை வருஷம் வீம்பு பிடித்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

தொட்டியில் இறங்குகிறவர்களில் ஒருவன் அவள் புருஷன். அவனுக்கு ஆலையில் விண்வெளி என்று பெயர். சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் கிரகம், நட்சத்திரம் என்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுவது அவனுக்குத் தெரியாது. வியாழனுக்கு எத்தனை நிலா என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். போதாததற்கு ஓயாத பேச்சு வேறு. தொட்டிக்குள் இறங்கினாலும் வாய் மூடாது.

அங்கேதான் வினையும் இருந்தது. மற்றவர்கள் உள்ளே இருந்தால் கயிற்றை ஒரு தடவைகூடத் தவற விடாதவள், புருஷன் இறங்கினால் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிடுவாள். பேச்சுதான் வந்துகொண்டே இருக்கிறதே, கயிறு எதற்கு? இழுப்புகளைக் குறிக்கும் தாளில் இழுக்காமலேயே இழுத்ததாக டிக் போட்டுவிடுவாள். புருஷன் பெண்டாட்டியை ஒரே தொட்டியில் வேலைக்கு விட்டால் வருகிற கோளாறு இது.

அன்று காலை பத்து மணிக்கு மூன்றாம் தொட்டி. காஸ் மீட்டரை இறக்கிப் பார்த்தார்கள், காற்று நன்றாகவே இருந்தது. காற்றடிக்கும் ப்ளோயரைப் போட்டு, அதன் துணிக்குழாயை உள்ளே விட்டாள்; அடிவரை போயிருக்கும் என்று நினைத்தாள். அவன் தன் முப்பத்திரண்டாம் எண் வில்லையை மாட்டிவிட்டு இறங்கினான். தொட்டி நடுவில் கழிவைக் கலக்கும் இரும்புத் தண்டு நட்டமாக நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் போய்க் கசடைச் சுரண்ட ஆரம்பித்தான். மேலே இருந்து பார்த்தால் ஆள் தெரியாது. குரல் மட்டும் வரும்.

"கருந்துளைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தினம் ஒரு துளை வாயிலதான் நிக்கிறேன். எனக்கே பாடமா?"

"இது வேறம்மா. அதுக்குள்ள போனா வெளிச்சம்கூடத் திரும்பாது. அதுக்கு ஒரு விளிம்பு இருக்கு. தாண்டுனா தாண்டுனதுதான். ஆனா வேடிக்கையக் கேளு, வெளிய நிக்கிறவங்களுக்கு அவன் தாண்டுறது தெரியவே தெரியாது. கிட்டப் போகப் போக மெதுவாயிடுவான். கையைத் தூக்குனா தூக்கிக்கிட்டே இருப்பான். அப்படியே மங்கிப் போவான்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு காலை உள்ளே வைத்தபடி பதினாறு வருஷமாக அவள் கண்ணுக்குள் நிற்கிறவன் ஒருவன் இருக்கிறானே.

"உள்ள போறவனுக்கு எப்படிங்க இருக்கும்?"

"அவனுக்கு ஒரு மெதுவும் இல்ல. அவன் கடிகாரம் சரியாத்தான் ஓடும். துளை பெருசா இருந்தா, விளிம்பைத் தாண்டுனதே அவனுக்குத் தெரியாதாம்."

"அப்புறம் அவன் உசுரு?"

சுரண்டும் சத்தம் நின்றது. "உசுரைப் பத்தி அவங்க பேசல. உள்ள விழுந்த சமாச்சாரத்தப் பத்திதான் சண்டை. மொத்தமா அழிஞ்சு போச்சுன்னு சில பேரு. இல்ல, ஒண்ணும் அழியாது, எல்லாம் அந்த விளிம்புலயே எழுதியிருக்கும்னு சில பேரு."

அவள் பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கயிறு கையில் சும்மா கிடந்தது.

"நாம வெளிய... நின்னு பாத்தா... அவன்... அங்கேயே... நிப்..."

அவள் சிரித்துவிட்டாள். கதை சொல்லும்போது குரலை மாற்றி நடித்துக் காட்டுவது அவன் வழக்கம். "போதும் உங்க நாடகம். வேலையப் பாருங்க."

"நா...டகம்... இல்ல. ஒரே... தூக்க..."

சிரிப்பு அவள் முகத்திலேயே செத்தது. கயிற்றை இழுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் இழுத்தாள். இல்லை. குனிந்து பார்த்தாள். துணிக்குழாய் எங்கோ சிக்கி, வாய்க்குக் கீழே ஏணிப் படியிலேயே சுருண்டு கிடந்தது. ப்ளோயர் கர்மசிரத்தையாகப் படிக்கட்டுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கசடைக் கிளறக் கிளறக் கிளம்பிய விஷக்காற்று முழுக்க அவனோடு அடியில் தங்கிவிட்டது. அவள் மணியை அழுத்தினாள். முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் ஆலையின் மறுகோடியிலிருந்து வர ஆறு நிமிடம் ஆகும். விஞ்சைப் பிடித்துச் சுற்றினாள். இரண்டு சுற்று வந்தது, பிறகு கல்லாகிவிட்டது. கயிறு தண்டில் சுற்றிக் கிடந்தது. இனி இழுத்தால் அவனைத் தண்டோடு வைத்து நசுக்கும், மேலே தூக்காது.

"என்னங்க!"

"ம்..." என்று வந்தது. எங்கோ தூரத்திலிருந்து வருவது போல.

அவள் கால் எப்போது உள்ளே போனது என்று அவளுக்கே தெரியாது. வலது கால் முழங்கால் வரை வாய்க்குள், முதல் படியின்மேல். கை சட்டைப்பைக்குள் போய் எதையோ எடுத்தது, பலகைக்கு நீண்டது. ணங் என்று ஒரு சத்தம்.

பலகையில் இரண்டு வில்லைகள்.

இரண்டாவது அவளுடையது. மாட்டியவளும் அவளே. மாட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. இறங்கினால் மாட்ட வேண்டும் என்ற பழக்கத்தில் கை தானாக மாட்டிவிட்டது. அடப் பாவி, இதையா நிதானம் என்று சொல்லிப் பதினாறு வருஷம் அண்ணனைத் திட்டினாள்? அவனுக்கு நிதானமும் இல்லை, புத்திக் கேடும் இல்லை. உள்ளே ஒரு குரல் மெதுவாகிக்கொண்டே போனதை நின்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் தானும் இறங்கிவிட்டால் வாயில் நிற்க ஆள் இல்லை என்பதும் அந்த இரண்டு வில்லைகளைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

காலை வெளியே எடுத்தாள். அவ்வளவு கனமான ஒன்றை அவள் ஆயுசில் தூக்கியதில்லை. கொக்கிக் கம்பியை எடுத்து, சுருண்டு கிடந்த துணிக்குழாயைக் குத்திக் குத்தி அடிக்குத் தள்ளினாள். குழாய் உப்பியது. பிறகு தொட்டி வாயில் குப்புறப் படுத்துக் கத்தினாள்.

"டேய்!"

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"எந்திரிடா! தண்டைத் தொடு! இடது கையால தொடு!"

"கத்...தாத..."

"கத்துவேன்டா! குழாய் ஆறு மாசமா சொட்டுது, எவன் வந்து சரி பண்ணுவான்? நீ தூங்கிட்டா நான் வாளியோட நிக்கணுமா? தண்டைத் தொட்டியா இல்லையா?"

உள்ளே இரும்பில் ஏதோ தட்டியது.

"அதைப் பிடிச்சுக்கிட்டே வந்த பக்கமே திரும்பிச் சுத்து. நிக்காத! இன்னொரு எட்டு. இன்னொரு எட்டுடா, என் ராஜா!"

கயிறு சட்டென்று தொய்ந்தது. அவள் பாய்ந்து விஞ்சைப் பிடித்தாள். இந்தத் தடவை கனம் வந்தது, உயிருள்ள கனம். தோள் கழன்றுவிடும் போலச் சுற்றினாள். அவன் தலைக்கவசம் வாய்க்கு மேலே தெரிந்தபோது மீட்பு ஆட்கள் ஓடி வந்து அவனை வாங்கிக்கொண்டார்கள். அவள் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பலகையில் தொங்கிய இரண்டு வில்லைகளையும் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாள்.

மதியம் ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்துப் படுத்திருந்தான். மூக்கில் பிராணவாயுக் குழாய். விசாரணைத் தாளோடு பாதுகாப்பு அதிகாரி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கேட்டே ஆகணும்க்கா. உங்க உடம்புல எந்தப் பகுதியாவது தொட்டி வாயைத் தாண்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. "ஒரு கால், முழங்கால் வரைக்கும்" என்றாள். "அதுக்கு முன்னாடியே தப்பு பண்ணிட்டேன் சார். பேச்சை நம்பிக் கயிறை இழுக்கல. தாள்ல இருக்கிற டிக் எல்லாம் பொய்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இனிமே உங்கள வாசல்ல நிக்க விட மாட்டாங்களேக்கா."

"தெரியும் சார். விடக் கூடாது."

புருஷன் மெல்லத் தலையைத் திருப்பினான். "எவ்வளவு நேரம் உள்ள இருந்தேன்? அப்படி ஆன பிறகு?"

"ஏழு நிமிஷம்."

"போடி. ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அதுக்குள்ள மேல கெடந்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலிச்சுதாங்க? பயமா இருந்துச்சா?"

"ஒண்ணுமே தெரியல. நீ கத்துனப்பறம்தான் ஏதோ ஆபத்துன்னே புரிஞ்சுது."

அண்ணன் உள்ளே எவ்வளவு நேரம் தவித்தானோ, யாரைக் கூப்பிட்டானோ, சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தானோ என்று எத்தனை ராத்திரி உருட்டி உருட்டி நினைத்திருப்பாள். அவனுக்கு இரண்டு வார்த்தை நேரம்தான். பதினாறு வருஷமும் வெளியே நின்றவளுக்குத்தான் ஆகியிருக்கிறது. அண்ணன் செத்த அன்றுகூட அவள் கோபத்தில் அழவில்லை. இப்போது அதிகாரி பக்கத்தில் இருப்பதையும் மறந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள்.

அதிகாரி சங்கடத்தோடு எழுந்தார். "வில்லைங்களை மட்டும் ஒப்படைச்சிருங்கக்கா, விசாரணைக்கு வேணும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பர்சைத் திறந்து, வில்லைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். மூன்று இருந்தன.

"இந்தப் பத்தொன்பது யாரோடது?"

"எங்க அண்ணனோடது. வாங்கிக்குங்க சார்" என்றாள். "அவன் வெளிய வந்துட்டான்."