முதலில் விழித்த டிஸ்க்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் கட்டடத்தில் பத்து நிமிடம் கரண்ட் போனது. அந்தப் பத்து நிமிடத்தைச் சாக்காக வைத்து நான் ஒரு பொய் சொன்னேன். இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேனே!

நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஏர்கான் போட்ட ஓர் அறை. அதில் வாஷிங் மெஷின் அளவுக்கு இரண்டு டிஸ்க் பெட்டிகள். இடப்பக்கத்தில் அன்றாட வேலை; வலப்பக்கத்தில் அதன் நகல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 'ஒன்றிலிருந்து இரண்டுக்கு' என்று தட்டி நகல் எடுப்பேன்.

எது ஒன்று, எது இரண்டு? மெஷினை ஆன் செய்ததும் எது முதலில் சுழன்று தயாராகிறதோ, அதுதான் ஒன்று! இரண்டு வருடமாக இடப்பக்கம்தான் முந்தும். அன்று கரண்ட் திரும்பி வந்து ஆன் செய்தபோது அதற்கு என்ன சோம்பலோ... வலப்பக்கம் முந்திக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. வழக்கம்போல் தட்டினேன். பழைய நகல், புதிய வேலையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அழிந்தது ரோஸ்மேரியின் இரண்டு வார உழைப்பு.

ரோஸ்மேரி எங்கள் டைப்பிஸ்ட். புக்கிட் மேரா வட்டாரப் பெண்; பேச்சில் அடிக்கடி 'லா' சேர்ப்பாள். குழந்தைகள் கிளினிக் ஒன்றின் அட்டைகளை — பெயர், தடுப்பூசி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது — ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையோடு வேலை நிறுத்தி, கல்யாண லீவு. அதற்குள் முடிக்கவேண்டும் என்று மதியச் சாப்பாடுகூட கீபோர்டு பக்கத்தில்தான்.

"ரோஸ், கரண்ட் போனதுல உன் வேலை எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் என் கையைத்தான் பிடித்தாள். "அட்டைங்க பத்திரமா இருக்குல்ல அக்கா? அப்ப போனது என் டைப்பிங் மட்டும்தான் லா. கரண்ட் போனா நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆறுதல் சொல்கிறவளிடம் எவ்வளவு நேரம் பொய்யைக் காப்பாற்றுவது?

மதியம் டீ வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கரண்ட் இல்ல ரோஸ்... நான்தான். பாக்காம தட்டிட்டேன்."

அவள் கண் நிறைந்தது. "காலைலயே சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி முடிக்கிறது?"

"நான் வாசிக்கிறேன். நீ தட்டு."

மேலாளர் லிம்மிடமும் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு, இன்னும் இரண்டு டைப்பிஸ்டுகளை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்.

நான்கு நாள் வாசித்தேன். தொண்டை கட்டியது. ஒரு மூன்று வயதுக் குழந்தையின் அட்டையில், "பென்சிலின் ஆகாது" என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தேன். ரோஸ்மேரி தட்டுவதை நிறுத்தினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க அக்கா. இதுல தப்பு விழக்கூடாது." அவள் அவசரத்திலும் அவசரப்படவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை என்ஜினியர் வந்தார். "எது முதல்ல எழுந்துச்சுன்னு நம்பாதீங்க. டிஸ்க்குக்குள்ளயே பேரை எழுதிடுங்க. நகல் எடுக்கும்போது மெஷின் அந்தப் பேரைப் படிச்சுப் பாக்கட்டும்" என்றார். எழுதினோம். மறுநாள் வேண்டுமென்றே வலப்பக்கத்தை முதலில் சுழலவிட்டு, நகல் எடுக்கச் சொன்னோம். பெயர் பொருந்தவில்லை என்று மெஷின் மறுத்தது! ரோஸ்மேரி கைதட்டினாள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசி அட்டை ஏறியது.

அடுத்த வாரம் தேவாலயத்தில் கல்யாணம். வாழ்த்துச் சொல்லும் வரிசையில் தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தேன். ரோஸ்மேரி என்னை இழுத்து மாப்பிள்ளை முன் நிறுத்தினாள். "இவங்கதான் லா அந்த அக்கா! என் ரெண்டு வாரத்த அழிச்சுட்டு, நாலு நாள்ல திருப்பிக் கொடுத்தவங்க!"

சொன்ன பிறகும் என் கையை விடவில்லை.

இதைவிடச் சரியாக என்னை இதுவரை யாரும் அறிமுகப்படுத்தியதில்லை.