செத்தமாட்டு டாக்டரம்மா

கொடைக்கானல் மலையில் மாட்டு டாக்டர்கள் இரண்டு வகை. மாட்டுக்குச் சீக்கு வந்தால் கூப்பிடுகிற ஊசி டாக்டர் ஒருவர். அவருக்கு ஊரே காபி கொடுக்கும். இன்னொருவர் ஜெயப்பிரியா. மாடு செத்த பிறகு அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று சொல்பவர். அவருக்குக் காபி கொடுக்க யாருக்கும் கை வராது. கையுறை போட்ட கைதான், சோப்பு போட்டுக் கழுவின கைதான். இருந்தாலும் பார்த்தவர்களுக்குக் குமட்டத்தானே செய்யும்!

பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைக்காரரின் மகள். "எம் மக டாக்டரு" என்று அப்பா பெருமையடிப்பார். என்ன டாக்டர் என்று கேட்டுவிட்டால் விபூதிப் பொட்டலத்தை நீட்டிப் பேச்சை மாற்றிவிடுவார். மகளுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் தூக்கம் பிடிக்காத ஜென்மம் அது. கறிக்கடை வேல்ராஜ் ஒருநாள் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, ஒங்களுக்கு வேணுங்கிறத நானே வீட்டுக்கு அனுப்பிடுறேன். இங்க நின்னு ஈரலத் திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க. பின்னால நின்னவுக பூராம் கோழிக்கடைக்குப் போயிட்டாக."

இந்தத் தை மாதம் கூக்கால் ஏரிக்கரையில் ஒரு காட்டுமாடு செத்துக் கிடந்தது. வனத்துறையினர் கூப்பிட, ஜெயப்பிரியா போய் அறுத்தார். ஈரலை வெட்டியதும் இலை இலையாகத் தட்டைப்புழுக்கள் வெளியே வந்தன. ஏரிச் சேற்றிலுள்ள நத்தையிலிருந்து புல்லுக்கு ஏறி, புல்லோடு வயிற்றுக்குள் போகிற புழு அது. காட்டுமாடா வீட்டுமாடா என்று பார்க்கிற பழக்கம் அதற்கு இல்லை. அதே கரையில் ஊர் மாடுகளும் மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒரு செவலைப் பசுவுக்குத் தாடைக்கடியில் பை கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். புழு முற்றிய அடையாளம். ஜெயப்பிரியா கையைக் கழுவிவிட்டு நிமிர்வதற்குள் பசுவைக் காணோம்.

ஊருக்குள் போனால் ஒரு மாடு கூடக் கண்ணில் படவில்லை. தொழுவமெல்லாம் காலி. பீன்ஸ் தோட்டத்துச் சுப்புராஜ் மட்டும் வழியை மறித்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க வந்த அன்னைக்கெல்லாம் ஊருல ஒரு மாடு செத்துருக்கு."

"செத்த பெறகுதானங்க என்னையக் கூப்பிடுறீங்க?"

"அதத்தானம்மா நாங்களும் சொல்றோம்."

இதற்கு மேல் எந்தப் படிப்பை வைத்து வாதாடுவது? செவலையின் சொந்தக்காரி கந்தம்மாள் வீட்டைத் தேடிப் போனார். மாட்டை ஒட்டன்சத்திரம் சந்தையில் விற்றுவிட்டதாகக் கந்தம்மாள் வாசலிலேயே சத்தியம் செய்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஒரு "அம்மா" கேட்டது.

"சீரியல்ல மாடு வருதுங்க" என்றாள் கந்தம்மாள், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. விட்டால் செவலை செத்துவிடும். அது தலைச்சன் சினை வேறு. வயிற்றிலிருக்கும் கன்றும் போய்விடும். செத்தபின் வந்து காரணம் சொல்ல அவருக்கு நன்றாகத் தெரியும். சாகுமுன் உள்ளே நுழையத்தான் வழி தெரியவில்லை.

"சரிங்க, மாட்டக் காட்ட வேணாம். சாணியாச்சும் குடுங்க."

சாணி கொடுப்பதால் சாவு வராது என்று ஊர் கூடி முடிவு செய்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே, வாளி வாளியாக வந்து இறங்கியது. விற்றுப்போன செவலையின் சாணியைக் கந்தம்மாளே சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கடியில் வைத்துப் பார்த்தபோது, செவலையின் சாணியில்தான் புழு முட்டைகள் மொய்த்துக் கிடந்தன.

மறுநாள் வெள்ளனே மருந்தோடு போனார். கந்தம்மாளுக்கும் பயம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மருந்த நானே ஊத்திக்கிறேன். நீங்க அந்தக் கேரட் காட்டுக்கு அங்கிட்டே நில்லுங்க. ஒங்க நெழலு மாட்டு மேல விழுக வேணாம்."

ஜெயப்பிரியா கேரட் காட்டுக்கு அப்பால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "தலைய ரொம்பத் தூக்காதீங்க! கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க!" காற்று பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. கந்தம்மாள் பசுவின் தலையை வானத்துக்குத் தூக்கி, மூங்கில் குழாயை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். மருந்து புரையேறி, செவலை இருமி, கண் செருகி, முன்னங்கால் மடங்கி விழுந்தது.

"அய்யோ டாக்டரம்மா, வெரசா வாங்களேன்!"

ஜெயப்பிரியா பாத்தியெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். பசுவின் தலையைத் தரையோடு அழுத்தித் தாழ்த்தினார். மூக்கிலும் வாயிலுமாக மருந்து வழிந்தது. ஓயாமல் நெஞ்சைத் தேய்த்துவிட்டார். அறுத்து மட்டுமே பழகிய கை அது. ஒருவழியாகச் செவலை மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. அது ஆறி நின்றபின், தலையை மட்டமாகப் பிடித்து, மடக்கு மடக்காக அவரே மருந்தைப் புகட்டினார்.

இனி சாவுதான் பாக்கி என்று ஊர் காத்திருந்தது. வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சுப்புராஜ் குழிவெட்ட மண்வெட்டியைக் கூட எடுத்து வைத்துவிட்டார். செவலையோ கட்டை அறுத்துக்கொண்டு போய் அவருடைய பீன்ஸ் கொடியில் பாதியைத் தின்று தீர்த்தது. நாளாக ஆகத் தாடை வீக்கமும் வற்றிப்போனது. நிழல் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை ஆய்வுக்கூடத்துக்குப் போன் வந்தது. "கூக்கால்" என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜீப் ஓட்டுநர் சேனாதிபதி ரம்பம், கத்தி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் அடங்கிய பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். ஓய்வு பெறும் வயதிலும் வேலையில் அத்தனை சுறுசுறுப்பு.

ஜெயப்பிரியா போனை வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"பெரிய மாடாம்மா, கன்னுக்குட்டியா?" என்று கேட்டார் சேனாதிபதி.

"கந்தம்மாதாண்ணே பேசுச்சு. செவல கன்னு போட்டுருக்காம். கெடேரியாம். சீம்பால் காச்சி வச்சிருக்கேன், வந்து சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லுது."

சேனாதிபதிக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஜீப்பில் வருபவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

"அது சரிம்மா, செத்தது எது?"

ஜெயப்பிரியாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"எதுவுஞ் சாகலண்ணே. பெட்டிய எறக்கி வைங்க."