அனுபவம் இல்லாத மச்சாள்

மச்சாள் கைப்பையின் சிப்பை இழுத்து மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே நாங்கள் இருவரும் வேலை செய்த கப்பல் முகவர் அலுவலகம் அது. மனேஜர் மச்சாளின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அடையாள அட்டையை ஒருக்காத் தாங்கோ, சேமலாப நிதிக்குப் பேர் பதியோணும்" என்றார். வேறு யாராக இருந்தாலும் எழும்பி நின்று கொடுத்திருப்பார்கள். நிரந்தர வேலைக்கு அதுதான் முதற்படி. மச்சாளோ பையை மடியில் அணைத்துக்கொண்டு, "வேண்டாம் ஐயா, நான் இப்பிடியே இருக்கிறன்" என்றார். மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதனால்தான் எரிச்சல் வந்தது.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அப்போது வெளிவாரிப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். பட்டம் எடுத்தால் அரசாங்க நியமனம் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் சோறு தண்ணீரோடு ஊட்டப்படும் நம்பிக்கை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தனியார் நிறுவனம் ஒன்று, ஊழியர்களின் ஓய்வுகாலத்துக்குப் பணம் சேர்க்கும் சேமலாப நிதியில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டால், நீங்கள் வேலையில்லாப் பட்டதாரி அல்ல. நியமனப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்படித் தூக்கப்பட்டவர்களை மச்சாளுக்குத் தெரியும். ஆகவே வேலை செய்துகொண்டே வேலையில்லாதவராக இருக்க அவர் முடிவு செய்தார். அவர் மட்டுமா? எங்கள் ஊரில் கடைகளிலும் கந்தோர்களிலும் இப்படி ஒளித்து வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர்.

சனிக்கிழமைகளில், ஊருக்குள் திரியும் மான்கள் பஸ் நிலையத்தில் இன்னும் படுத்திருக்கும் நேரத்திலேயே, பட்ட வகுப்புக்காக மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிவிடுவார். ஞாயிறு இரவு திரும்பி வந்து, திங்கள் காலை கப்பல் பட்டியல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பரீட்சை பின்போகும், பின்போன பரீட்சையின் பெறுபேறு அதைவிடப் பின்போகும். அந்த இடைவெளிக்குள் கணினி டிப்ளோமா ஒன்று, ஆங்கில டிப்ளோமா ஒன்று. "இன்னும் ஒரு பாடந்தான் பிள்ளை, அதோட முடிஞ்சுது" என்று எப்போதும் சொல்வார். ஒரு பாடம் முடிந்தால் இன்னொன்று முளைத்துவிடும். அவருக்குப் பிறகு வந்து பேர் பதிந்துகொண்டவர்கள் ஒவ்வொருவராக நிரந்தரமாகி, மேலே போனார்கள். மச்சாள் அவர்களுக்கு வேலை பழக்கிவிட்டு, தன் மேசையிலேயே இருந்தார்.

கடைசியில் வயதெல்லை முடிகிற தறுவாயில் நியமனத்துக்கு அழைப்பு வந்தது. நேர்முகத்தில் "முன் அனுபவம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்களாம். மாலுமிகளை இறக்கி ஏற்றுவதிலிருந்து சுங்க அலுவல்கள் வரை தனியாகப் பார்த்துவந்த மனுசி, "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். வேறென்ன சொல்ல ஏலும்? எந்தப் பதிவிலும் அவர் வேலை செய்யவே இல்லையே! குச்சவெளி பஸ்ஸில் போகும் வழியில் ஓர் அரச அலுவலகத்தில் போட்டார்கள். அங்கே பட்டதாரிகள் அதிகம், கதிரைகள் குறைவு. முந்திப் போகிறவர் உட்காரலாம்; பிந்திப் போனால் விறாந்தையில் நிற்கவேண்டும். இவ்வளவு காலம் படித்த மச்சாள் ஒரு கதிரை பிடிக்க விடியவே எழும்பி ஓடுகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது பிடித்து உலுப்பவேண்டும் போலிருக்கும். யாரை என்றுதான் தெரியவில்லை.

நான் அதே அலுவலகத்தில்தான் இன்னும் இருக்கிறேன். பேர் பதிந்து, நிரந்தரமாகி. போன மாதம் கப்பல் அலுவல்களுக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெறப் போகிறார் என்ற கதை வந்தது. அந்த வேலையில் பாதியை ஏற்கனவே நான்தான் செய்கிறேன். மனேஜர் கூப்பிட்டு, "உங்களிட்ட டிப்ளோமா மட்டுந்தானே இருக்கு, அதைப் பட்டமாக்கினால் நல்லது" என்றார். இரண்டு வருடம், ஒவ்வொரு சனியும் ஞாயிறும். விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

நான் பாலையூற்றுக்கு, மச்சாள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று அவர் வாயால் கேட்கத்தான் போனேன். அவரைவிட அதைச் சொல்ல உரிமையுள்ளவர் யார்? குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், என் கதையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தார்.

"போடு பிள்ளை. நானும் பட்டத்துக்கு மேல முதுமாணிப் படிப்புக்குப் போட்டிருக்கிறன். ரெண்டு பேருமா ஒரே பஸ்ஸில போகலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கென்ன விசரா மச்சாள்? படிச்சுப் படிச்சு என்னத்தைக் கண்டனீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. துருவிய தேங்காய்ப்பூவை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "அங்க எனக்குக் கதிரையும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. சும்மா இருக்கிறன் எண்டு ஆரிட்டச் சொல்லுறது? படிக்கிறன் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னைக் குடைந்தது. மனேஜர் பட்டம் என்று சொன்னபோது எனக்குள்ளும் ஒரு நிம்மதி வந்தது உண்மை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிற பயத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம் அல்லவா? அதற்குப் படிப்பு என்று மரியாதையான ஒரு பெயரும் இருக்கிறது. மச்சாள்மீது வந்த கோபம் பாதி என்மீது வந்த கோபம்தான்.

அடுத்த நாள் மனேஜரிடம் நேரே கேட்டேன். "பட்டம் முடிச்சால் அந்த இடம் எனக்குத்தானே ஐயா?"

"அதை அப்ப பாப்பம்" என்றார், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அப்ப படிக்கிறதையும் அப்ப பாக்கிறன் ஐயா. அந்த வேலை எனக்குத் தெரியும். இப்ப தாங்கோ எண்டு கேக்கிறன்."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். யோசிப்பதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. சனிக்கிழமை காலை பாண் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு மாமி பிடித்துக்கொண்டார். "இப்ப என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"ஒண்டும் படிக்கேல்லை மாமி. வேலை செய்யிறன்."

"அது சரி," என்றார் மாமி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி. "வேற என்ன செய்யிறாய்?"

துறைமுகத்துக்கு அன்று ஒரு கப்பல் வர இருந்தது. பாணை வீட்டில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன்.